ஏரிக்கரையில் நிற்க வேண்டிய இடம்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரியை ஆறு ஆண்டுகளாகப் படம் எடுத்துவருகிறேன். அதில் முதல் இரண்டு மாதங்கள் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன். கையில் ஒரு பைனாகுலர், ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில், ஒரு தண்ணீர் பாட்டில். விடிவதற்கு முன் கரையின் வடக்கு முனையில் ஏறித் தெற்கு முனைவரை நடந்து, எந்தப் பறவை எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டு திரும்புவேன். அந்த நோட்டைப் போலப் பயன்பட்ட கருவி எதையும் அதற்குப் பிறகு நான் விலை கொடுத்து வாங்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் எல்லோரும் போகும் இடங்களுக்குத்தான் நானும் போனேன். வேடந்தாங்கல், பழவேற்காடு, கோடியக்கரை, கூந்தன்குளம் என்று விடுமுறைக்கு ஓர் ஊராகச் சுற்றினேன். அவை அத்தனையும் அருமையான இடங்கள். கூந்தன்குளத்தில் ஊருக்குள் வீட்டு வாசல் மரத்திலேயே சங்குவளை நாரைகள் கூடு கட்டியிருப்பதை அண்ணாந்து பார்த்த காலையை நான் மறக்கமாட்டேன். ஆனாலும் ஓர் இடத்துக்கு ஒரே ஒருமுறை போகிறவனுக்கு, அன்றைக்கு அந்த இடம் எதைக் கொடுக்கிறதோ அதுதான் கிடைக்கும். மேகமூட்டம் இருந்தால் மேகமூட்டம், காற்று இருந்தால் காற்று. எங்கே நிற்பது என்று தெரியாததால், கண்காணிப்புக் கோபுரத்தில் எல்லோரும் நிற்கும் இடத்தில் நின்று எல்லோரும் எடுத்த படத்தையே எடுத்துக்கொண்டு வந்தேன்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. இயற்கையைப் படம் எடுக்க விரும்பும் ஒருவருக்கு அரை மணி நேரப் பயணத்தில் ஏதோ ஒரு நீர்நிலை கட்டாயம் இருக்கும் என்பது நம் ஊருக்கு வாய்த்த பெரும் பேறு. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும் நண்பர்களிடம், அலுவல் நாளிலும் காலையில் போய்விட்டு எட்டரைக்குள் திரும்பக்கூடிய ஏரி எதுவோ அதுதான் உங்கள் ஏரி என்று சொல்கிறேன். தொலைவில் இருக்கும் சிறந்த ஏரியைவிட, நாற்பது முறை போக முடிகிற சுமாரான ஏரி அதிகம் கற்றுத்தரும். செயற்கைக்கோள் படங்களும் உதவுகின்றன. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் புரட்டிப் பார்த்தால் ஏரியின் எந்தப் பகுதி முதலில் வற்றுகிறது, எந்தப் பகுதியில் கடைசிவரை நீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர் என்பதால் பறவை தெரியாது. நீரின் விளிம்பு தெரியும். தேடுகிறவருக்கு வேண்டியது அந்த விளிம்புதான்.

ஏரியைத் தேர்ந்த பிறகு நான் முதலில் பார்ப்பது கரை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை. வடதமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காக, வங்கக் கடலை நோக்கிச் சரிகிறது. ஓடிவரும் மழைநீரை மறித்து நிறுத்துவதற்காகப் போடப்பட்டதால், பெரும்பாலான ஏரிகளில் கரை கிழக்குப் பக்கம் பிறை வடிவில் வளைந்து கிடக்கும். உள்வாய், அதாவது நீர் தேங்கும் உட்பகுதி, மேற்கே ஆழம் குறைந்துகொண்டே விரிந்து போகும். சோழர் காலத்து வீராணம் ஏரியின் நீண்ட கரையும் கிழக்கில்தான் இருக்கிறது. இந்த அமைப்பு படம் எடுப்பவருக்கு ஒரு கொடையைத் தருகிறது. காலையில் கரையின் மீது நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ஏரி முழுவதும் முன்வெளிச்சத்தில் திறந்து கிடக்கும். அதே கரையில் மாலையில் நின்றால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். நிழலுருவப் படங்கள் கிடைக்குமே தவிர இறகின் நிறம் கிடைக்காது. பாசனத்துக்காக எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மண் சுமந்தவர்கள், நாம் காலையில் நிற்க வேண்டிய இடத்தையும் சேர்த்தே அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று பள்ளியில் படித்தோம். படம் எடுப்பவருக்கு அந்தப் பாடம் போதாது. நம் அட்சரேகையில், ஏறத்தாழ 13 பாகையில், டிசம்பர் இறுதியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. ஜூன் இறுதியில் அதே அளவு வடக்கே தள்ளி உதிக்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அப்படியானால் ஆறு மாதத்தில் உதயப்புள்ளி அடிவானத்தில் ஐந்து முஷ்டி அளவுக்கு நகர்ந்துவிடுகிறது. மார்கழியில் அழகாக ஒளி விழுந்த ஒரு பனைமரம் சித்திரையில் பாதி நிழலில் நிற்பதன் காரணம் இதுதான். இதைக் கணக்கிட்டுக் காட்டும் செயலிகள் கைபேசியில் உண்டு, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஓராண்டு முஷ்டியால் அளந்து பழகியதால், புதிய இடம் ஒன்றில் நின்றவுடனே ஒளி எங்கே விழும் என்று உடம்புக்கே தெரிகிறது.

உதயத்துக்குப் பின்னும் மறைவுக்கு முன்னும் சூரியன் தாழ்ந்திருக்கும் பொன்னொளி நேரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேலைநாட்டுப் பாடங்கள் காலையிலும் மாலையிலும் நிதானமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நல்ல வெளிச்சம் இருக்கும் என்ற நினைப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. லண்டனில் டிசம்பர் நடுப்பகலில்கூட சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 பாகைதான் ஏறுகிறது. நம் ஊரில் அது சாய்வு குறைந்து, கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. உதயமாகி முக்கால் மணி நேரத்திலேயே 10 பாகையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் இடம் தேடிக்கொண்டிருப்பவர் வெறுங்கையோடு திரும்புவார். இடத்தை முந்தின வாரமே பார்த்து வைத்துவிட வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

வெளிச்சத்துக்கு அடுத்தது காற்று. பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொண்டே நிற்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பதும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் பறவைகள் நம்மை நோக்கி இறங்கும். எதிர்த்து நின்றால் வாலும் முதுகும்தான் படத்தில் வரும். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆனால் ஏரிக்குப் போய் ஒரு பிடி மணலைத் தூவிப் பார்க்கும்வரை எனக்கு அந்தப் பெயர்கள் செய்யுளில் மட்டுமே இருந்தன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருகிறது. கிழக்குக் கரையில் நிற்பவருக்குச் சூரியனும் பின்னால், காற்றும் பின்னால், பறவைகளோ எதிரே. மூன்றும் ஒன்றுசேரும் அந்தப் பருவத்தில்தான் வலசை வாத்துகளும் வந்து இறங்குகின்றன. இந்தப் பொருத்தத்தை நான் இரண்டாம் ஆண்டின் நோட்டைப் புரட்டும்போதுதான் கண்டுகொண்டேன். அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆசான் நீர்மட்டம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, ஏரி நிரம்பி மிகைநீர் கலங்கல் வழியே வெளியேறும்போது ஏரி அழகாக இருக்கும், படத்துக்கு அவ்வளவு உதவாது. நீர்க்காகங்களும் நாமக்கோழிகளும் ஊசிவால் வாத்துகளும் நடு ஏரியில் புள்ளிகளாகத் தெரியும். தை பிறந்து மதகு திறந்து நீர் இறங்க இறங்கத்தான் சேறும் கோரையும் வெளிப்பட்டு, உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் கொக்குகளும் நாரைகளும் விளிம்புக்கு வருகின்றன. எந்தப் பறவைக்கு எவ்வளவு ஆழம் என்பது அதனதன் காலின் நீளமும் அலகின் நீளமும் தீர்மானிக்கிற விஷயம். ஆகவே முழங்கால் ஆழத் தண்ணீர் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நாரை எங்கே இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அந்த ஊரின் நீர்க்கட்டி. மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பங்கிட்டுக் கொடுக்கும் வேலை அவருடையது. இரண்டு மாதம் வெறுங்கையோடு நடந்துகொண்டிருந்த என்னை ஒருநாள் நிறுத்தி, ஏதாவது அளவெடுக்க வந்திருக்கிறேனா என்று விசாரித்தார். பறவை பார்க்க வந்தேன் ஐயா என்றேன். மதகுக் கல்லின் மீது உட்கார்ந்துகொண்டு, “தம்பி, நீங்க கரை மேலயே நடந்தா எப்படி? மட தொறந்து பதினஞ்சு நாள் ஆவட்டும். தெக்கால மொனையில கோர இருக்குது பாருங்க, அதுங்கிட்ட நத்தை மேஞ்சிக்கினு கெடக்கும். நாரை அங்கதான் வரும்” என்றார். மதகு திறந்த தேதியை நோட்டில் குறித்துக்கொண்டேன். அன்று முதல் என் நாட்காட்டி ஆங்கில மாதத்தில் இல்லை. மதகு திறந்து எத்தனையாவது நாள் என்ற கணக்கில் ஓடுகிறது. ஆடு மேய்ப்பவர்களும் வலை வீசுபவர்களும் இதுபோலவே ஏரியை அறிந்தவர்கள். கழுத்தில் கேமரா தொங்கும்போது அவர்கள் நம்மிடம் பேசுவது குறைவு என்பதும் முதலில் வெறுங்கையோடு போனதால் நான் தெரிந்துகொண்டது.

திறமை என்பதையும் இந்த இடத்தில்தான் வளர்த்துக்கொண்டேன். தொடக்கத்தில் ஒரு காலை முழுவதும் எடுத்த கொக்குப் படங்கள் அத்தனையிலும் சிறகுகள் இறகு தெரியாத வெறும் வெள்ளையாக வெந்துபோயிருந்தன. கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். கருத்த கோரைக்கு முன் சிறியதாக ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், இருட்டு அதிகம் என்று நினைத்துப் படத்தை வெளுப்பாக்கிவிடும். அதே கொக்கு சட்டத்தை நிறைத்து நின்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து மங்கலாக்கிவிடும். முதல் நிலைமையில் ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாக்கும் ஒரு படி, குறைக்க வேண்டும், இரண்டாவதில் கூட்ட வேண்டும். பறந்துகொண்டே இருட்டுப் பின்னணியிலிருந்து வானத்துக்குப் போகும் பறவைக்கு, அளவுகளை நாமே கையால் வைத்துவிடுவதுதான் சரி. பின்னணி மாறினாலும் பறவையின் மீது விழும் வெயில் மாறவில்லை அல்லவா?

இதைப் பழகுவதற்கு உண்ணிக்கொக்கைப் போன்ற துணை வேறில்லை. வெள்ளைப் பறவை, எல்லா ஊரிலும் இருக்கிறது, மாலையில் அடையப் போகும்போது நாள்தோறும் ஏறக்குறைய ஒரே வழியில், ஒரே நேரத்தில், கூட்டம் கூட்டமாகப் போகிறது. எங்கள் தெருமுனை வயல்வெளியில் நாற்பது மாலைகள் நின்று, நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் அவற்றைத் தொடர்ந்து எடுத்துப் பழகினேன். அந்தப் படங்கள் எவையும் யாருக்கும் காட்டுவதற்கானவை அல்ல. ஆனால் ஏரியில் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்து, வாத்துகள் மொத்தமாக எழும்பிய காலையில், விரல் தானாகவே வேலை செய்தது.

இன்னொரு காலகட்டத்தில் என் படங்கள் எல்லாம் மெல்லிய மங்கலோடு வந்தன. லென்ஸ் கெட்டுவிட்டது என்று பழுதுபார்க்கும் கடைக்கு இருமுறை அலைந்தேன். குறை லென்ஸில் இல்லை. நீருக்கும் அதன் மேல் இருக்கும் காற்றுக்கும் வெப்பநிலை வேறுபடும்போது காற்று அலைந்து, தொலைவில் இருப்பதன் விளிம்பைக் கலைத்துவிடுகிறது. வெயில் ஏறியபின் கானலில் இது கண்ணுக்கே தெரியும். குளிர்ந்த தை மாத விடியலில் கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும். விலை உயர்ந்த லென்ஸ் வாங்கினாலும் இந்த மங்கல் போகாது. பறவைக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் காற்றைக் குறைப்பதுதான் வழி, அதாவது பறவை நம் அருகே வரும் இடத்தில் முன்னதாகவே போய் அசையாமல் இருப்பது. இயற்கை எழுத்தாளரும் படக்கலைஞருமான மா. கிருஷ்ணன் தாமே பாகங்களைச் சேர்த்து அமைத்து, சூப்பர் பாண்டரோஸா என்று பெயரிட்ட கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு காடுகளில் யானைகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்தார். தானியங்கிக் குவியமும் இல்லை, எடுத்ததை உடனே பார்க்கும் வசதியும் இல்லை. விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நீர்க்கட்டி சொன்ன தெற்கு முனைக்கு மதகு திறந்த பதினேழாம் நாள் போனேன். கரை மேற்காக வளையும் இடத்தில் உள்வாயில் ஒரு சிறு மண்மேடு நீரிலிருந்து வெளிப்பட்டிருந்தது. அதன் ஓரமெல்லாம் நத்தை ஓடுகள். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உள்ளே காலி, ஆனால் ஓட்டில் ஓர் உடைசல்கூட இல்லை. எலியோ காகமோ தின்றிருந்தால் ஓடு நொறுங்கியிருக்கும். ஓட்டை உடைக்காமல் சதையை மட்டும் எடுக்கத் தெரிந்தது நத்தை குத்தி நாரை. அதன் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். கீழ் அலகின் கூர்நுனியை நத்தையின் வாய்க்குள் செலுத்தி, ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்துவிடும். ஓடுகள் இருபதடி நீளத்துக்குள் மட்டும் கிடந்தன. முஷ்டியால் அளந்து பார்த்தேன். கோரை ஓரமிருந்து வடமேற்கே பார்த்தால் உதயம் வலத்தோளுக்குப் பின்னால் வரும்.

மறுநாள் நாலே முக்காலுக்கு அங்கே இருந்தேன். சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, மணல் நிரப்பிய பையின் மீது லென்ஸை வைத்து, பழுப்புத் துணியால் மூடிக்கொண்டேன். சேற்றின் ஈரம் சாக்கைத் தாண்டி மார்பில் ஏறியது. ஆறரைக்குச் சற்று முன்பு ஒரு நாரை இறங்கியது, பிறகு இரண்டு. முதல் நாரை நான் இருந்த இடத்திலிருந்து இருபத்தைந்து மீட்டருக்குள் நடந்து வந்து, தலையைப் பாதி நீருக்குள் அமிழ்த்தி, அலகின் நுனியால் சேற்றைத் துழாவியது. நின்றது. கழுத்துத் தசை மட்டும் துடித்தது. தண்ணீருக்குள்ளேயே வேலை நடந்துகொண்டிருந்தது; மேலே சின்னச் சின்ன வளையங்கள் விரிந்தன. தலை வெளியே வந்தபோது அலகில் ஈரமான சதைத் துண்டு, கீழே ஓடு மெதுவாக மிதந்து விலகிப் போயிற்று. கழுத்தைச் சொடுக்கி விழுங்கும்போது தெறித்த நீர்த்துளிகளில் இளவெயில் பட்டது. தரைமட்டத்திலிருந்து எடுத்ததால் பின்னால் இருந்த நீர்ப்பரப்பு முழுவதும் ஒரே மென்மையான மஞ்சளாகக் கரைந்திருந்தது. முப்பத்தைந்து நிமிடத்தில் பதினோரு நத்தைகள். அவை எழுந்து போகும்வரை நான் அசையவில்லை. அவை என்னைப் பார்த்து எழுந்து போகவும் இல்லை. அந்தக் காலையில் எனக்கு மிகவும் நிறைவளித்தது அந்த இரண்டாவது விஷயம்தான்.

ஏரியின் பெயரை எழுதாமல் விட்டதற்கும் இதுவே காரணம். இடத்தின் பெயர் வெளியே போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மண்மேட்டில் பத்துப் பேர் இருப்பார்கள், நாரை இருக்காது. சித்திரை வைகாசியில் ஏரிப் படுகையில் ஆட்காட்டிகள் வெறுந்தரையில் முட்டையிடும். கூழாங்கல்லைப் போலவே இருப்பதால் காலடியில் நசுங்கினால்கூடத் தெரியாது. ஆட்காட்டி தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் நாம் தவறான இடத்தில் இருக்கிறோம் என்று பொருள். வந்த வழியே திரும்புவதுதான் முறை. தாய்ப்பறவையை நடுவெயிலில் எழுப்பிவிட்டால் முட்டைகள் சூட்டில் கெட்டுவிடும். கூட்டுப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை எடுக்க எனக்கு மனம் வராது. சரணாலயங்களில் படம் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். ஊர் ஏரியில் அந்த விதி கிடையாது, ஆனால் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட வந்தவர்களுக்கு எதிராக மக்கள் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள் என்பது வரலாறு. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். படம் எடுக்க வரும் நாம் அவர்கள் காத்த இடத்தில் விருந்தாளிகள்.

போன வைகாசியில் எங்கள் ஏரியில் தூர்வாரும் வேலை நடந்தது. தூர்வாருவது தேவைதான், ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உள்வாய் முழுவதையும் ஒரே ஆழத்துக்குக் கிண்ணம் போல வெட்டியெடுத்தபோது, மெல்லச் சரிந்து போகும் விளிம்பும் போய்விட்டது. நீர் இறங்கினாலும் முழங்கால் ஆழம் என்ற ஒன்று அங்கே உருவாகாது. தெற்கு முனையில் நான் படுத்திருந்த மண்மேடும் கோரையும் லாரியில் ஏறிப் போயின. விளிம்பில் கொஞ்சமாவது சரிவை விட்டுவைக்கும்படி கேட்கலாமா என்று நீர்க்கட்டியிடம் பேசினேன். ஊர்க் கூட்டத்தில் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார். வடக்குப் பக்கம் வரத்துக் கால்வாய் சேரும் இடத்தில் இருநூறு அடி நீளத்துக்கு வெட்டாமல் விட்டார்கள்.

இந்த ஆண்டு மதகு திறந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நாளை விடியலில் அந்த வடக்கு முனைக்குப் போகிறேன். நோட்டும் பென்சிலும் எடுத்துவைத்துவிட்டேன், கேமரா அலமாரியிலேயே இருக்கிறது. ஓடுகள் கிடக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.